9 சதவீதக் கடனை 34 சதவீதக் கடன் வாங்கி அடைக்கிறீர்கள்

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் கருங்கல். இங்கிலாந்தில் என்எச்எஸ் என்ற அரசு மருத்துவமனையில் பேண்ட் 5 (நர்ஸுக்கான தொடக்கச் சம்பளப் படி) நர்ஸாகச் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. பிடித்தம் போக மாதம் 1,980 பவுண்ட் கைக்கு வரும். வந்த அன்றே ஊருக்கு 1,25,000 ரூபாய் அனுப்பிவிடுவேன். வீட்டு லோன் தவணை 38,000, லோனைச் சீக்கிரம் முடிக்க அப்பா கூடுதலாகக் கட்டுவது 27,000, அப்பா பெயரில் உள்ள ஏலச்சீட்டுக்கு 25,000, வீட்டுச் செலவு 20,000, சித்தி மகளை கேர் விசாவில் (முதியோர், நோயாளிகளைப் பராமரிக்கும் வேலைக்கான விசா) இங்கே கொண்டுவர ஏஜென்டுக்கு 15,000. சீட்டு 5 லட்சம்; 20 மாதத்தில் 12 முடிந்தது, இன்னும் எடுக்கவில்லை. இங்கே வாடகை, சாப்பாடு, பஸ், கவுன்சில் டாக்ஸ் (உள்ளாட்சிக்குக் கட்டும் வீட்டு வரி) எல்லாம் சேர்த்து 1,220 பவுண்ட். துண்டு விழுவதை 8 மாதமாக கிரெடிட் கார்டில் சமாளிக்கிறேன். வட்டி 34 சதவீதம், பாக்கி 2,900 பவுண்ட். ஹீட்டர்கூடப் போடுவதில்லை. பென்ஷனிலிருந்து விலகினால் மாதம் 215 பவுண்ட் மிச்சம் என்கிறார்கள். ஊரில் ஒருவர் கிஃப்ட் சிட்டி (குஜராத்தில் உள்ள சர்வதேச நிதி மையம்) டாலர் பாலிசி எடுக்கச் சொல்கிறார். ஜூன் மாதம் கணவரும் குழந்தையும் வருகிறார்கள். பயமாக இருக்கிறது.

பதில்: செலவைக் குறைக்கும் வழி எதையும் உங்களுக்கு நான் சொல்லப்போவதில்லை. கடையில் 2 பவுண்ட் மரச்சீனியை (மரவள்ளிக்கிழங்கு) கையில் எடுத்து, 115ஆல் பெருக்கி, 230 ரூபாயா என்று திரும்ப வைத்துவிட்டு வருகிறவர் நீங்கள். ஓட்டை அங்கே இல்லை. ஊருக்கு முதலில் அனுப்பிவிட்டு, மிச்சத்தில் வாழ்வதும் போதாததைக் கார்டில் தேய்ப்பதும்தான் உங்களைக் கடனாளி ஆக்கியிருக்கிறது.

பவுண்ட் 115 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் அனுப்புவது சுமார் 1,087 பவுண்ட். மீதி 893, செலவு 1,220. மாதாமாதம் 327 பவுண்ட் கார்டில் ஏறுகிறது. இப்போது அப்பா கூடுதலாகக் கட்டும் 27,000 ரூபாயைப் பாருங்கள். வீட்டு லோன் வட்டி 9 சதவீதம் என்றால், அந்தத் தொகை வருடத்துக்கு 2,430 ரூபாய் வட்டியை மிச்சப்படுத்தும். அதே தொகை கார்டுக்குப் போயிருந்தால் 9,180 ரூபாய் மிச்சம். அப்பாவுக்கு இது தெரிய வாய்ப்பில்லை. கார்டு பாக்கியை அவரிடம் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். இன்றே சொல்லுங்கள். தவணை 38,000 மட்டும் போகட்டும்.

அடுத்து அந்த 15,000. இதில் கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன். கேர் வொர்க்கர் விசாவுக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதை பிரிட்டன் அரசு 22 ஜூலை 2025 முதல் நிறுத்திவிட்டது. இல்லாத விசாவுக்குத்தான் அந்த ஏஜென்ட் தவணை வாங்குகிறார். இனி ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது. கொடுத்ததற்கு ரசீது, வாட்ஸ்அப் செய்தி, வங்கிக் கணக்கில் போட்ட விவரம் எல்லாவற்றையும் சித்தி எடுத்து வைக்கட்டும். பணத்தைத் திருப்பிக் கேட்டு, தராவிட்டால் நாகர்கோவில் எஸ்பி அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். சித்தியிடம் அம்மா வழியாகச் சொல்லி அனுப்பாமல் நீங்களே போனில் பேசுங்கள். அம்மா சொன்னால் அது குடும்பச் சண்டையாகத்தான் முடியும்.

இந்த இரண்டையும் நிறுத்தினால் அனுப்ப வேண்டியது 83,000 ரூபாய், அதாவது 722 பவுண்ட். கையில் 1,258 நிற்கும். செலவுக்காக இனி கார்டைத் தேய்க்க வேண்டியிருக்காது. ஆனால் பாக்கி இறங்காது; மிஞ்சுவது 38 பவுண்ட், மாத வட்டியே 70 பவுண்டுக்கு மேல் வரும். அதற்குச் சீட்டு இருக்கிறது.

அடுத்த ஏலத்தில் அப்பா சீட்டை எடுக்கட்டும். கமிஷனும் சேர்த்து 15 சதவீதத்துக்கு மேல் தள்ளிக் கேட்க வேண்டாம்; போட்டி அதிகமாக இருந்தால் ஒரு மாதம் பொறுக்கலாம். 15 சதவீதம் போனாலும் 4,25,000 ரூபாய் கிடைக்கும். அந்தப் பணத்தை இங்கிலாந்துக்குக் கொண்டுவர அலைய வேண்டியதே இல்லை. ஊரிலேயே இருக்கட்டும், லோன் தவணை, வீட்டுச் செலவு, மீதிச் சீட்டுத் தவணை எல்லாம் அதிலிருந்தே 5 மாதம் ஓடும். அந்த 5 மாதமும் நீங்கள் எதுவும் அனுப்ப வேண்டாம். மாதம் 760 பவுண்ட் கார்டுக்குப் போகும். வட்டியோடு சேர்த்து 5வது மாதத்தில் பாக்கி தீர்ந்துவிடும். ஒன்றில் மட்டும் கவனம் தேவை: எடுத்த பணத்தைப் பார்த்ததும் மாடிக்குக் கைப்பிடிச் சுவர், காம்பவுண்ட் கேட் என்று கொத்தனாரைக் கூப்பிட்டுவிடுவார்கள். லோன் தவணை எடுக்கும் கணக்கிலேயே மொத்தத்தையும் போட்டுவிடச் சொல்லுங்கள்.

அதுவரை கார்டைப் பயன்படுத்தாதீர்கள். ஏடிஎம்மில் பணமாக எடுத்தால் எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும். குறைந்தபட்சத் தொகை வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே போகும்படி டைரக்ட் டெபிட் போட்டுவைத்து, மீதியைச் சம்பள நாளன்று கையால் கட்டுங்கள். இந்தியக் குடியுரிமை உள்ளவர் காமன்வெல்த் குடிமகன் என்ற முறையில் அங்கே வாக்காளராகப் பதியலாம். பதிந்தால் உங்கள் கிரெடிட் பதிவு வலுப்படும். பல நர்ஸுகள் இதைச் செய்வதே இல்லை.

பென்ஷனைத் தொடாதீர்கள். 215 பவுண்ட் மிச்சம் என்பது தப்புக் கணக்கு. அந்தத் தொகைக்கு இப்போது வரி இல்லை. விலகினால் 20 சதவீத வரி போய் 172தான் கைக்கு வரும். அந்த 172க்காக, உங்கள் பெயரில் மருத்துவமனை கட்டும் 23.7 சதவீதத்தையும், பணியில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்குக் கிடைக்கும் இரண்டு வருடச் சம்பளத்தையும் விட்டுவிடுவீர்கள்.

டாலர் பாலிசி வேண்டாம். சம்பளம் பவுண்டில், கடமை ரூபாயில். மூன்றாவதாக ஒரு நாணயத்தை எதற்கு இழுத்துப்போடுவது? 34 சதவீதக் கடன் வைத்திருப்பவரிடம் பாலிசி விற்க வருகிறவர் உங்கள் கணக்கைக் கேட்கவே இல்லை என்று அர்த்தம்.

ஹீட்டரைப் போடுங்கள். துணியை அறைக்குள் உலர்த்திக்கொண்டு ஹீட்டரையும் அணைத்து வைத்தால் ஈரம் சுவரில் தங்கிக் கரும்பூஞ்சை பிடிக்கும். ஜூனில் குழந்தை வந்து தூங்கப்போவது அந்தச் சுவர் ஓரமாகத்தான். கணவர் வந்ததும் கவுன்சிலுக்குத் தெரிவியுங்கள். கவுன்சில் டாக்ஸில் தனி ஆளுக்கான 25 சதவீதக் கழிவு வாங்கிக்கொண்டிருந்தால் அது நின்றுவிடும். சொல்லாமல் விட்டால் பிறகு மொத்தமாகக் கேட்பார்கள். கருங்கலில் உள்ள உங்கள் பழைய சேமிப்புக் கணக்கு இன்னும் அப்படியே இருந்தால், அதை என்ஆர்ஓ (வெளிநாட்டில் வசிப்பவரின் இந்திய வருமானத்துக்கான கணக்கு) ஆக மாற்ற வங்கிக்கு இந்த வாரமே எழுதுங்கள். இனி அனுப்பும் பணத்துக்குத் தனியாக ஒரு என்ஆர்இ (வெளிநாட்டு வருமானத்துக்கானது) கணக்குத் தொடங்கிக்கொள்ளலாம்.