எந்த எண்ணை நம்புவது?

கேள்வி: 2010இல் மெக்சிகோ வளைகுடாவில் ஏற்பட்ட எண்ணெய்க் கசிவைப் பற்றி, தொடக்கக் கல்லூரியில் படிக்கும் என் மகள் கட்டுரை எழுதுகிறாள். கசிந்த அளவு ஓரிடத்தில் 4.9 மில்லியன் பீப்பாய் என்றும் வேறோரிடத்தில் 3.19 மில்லியன் என்றும் உள்ளது. நாளுக்கு 5,000 பீப்பாய்தான் என்னும் பழைய அரசாங்கச் செய்தியும் கிடைக்கிறது. அரசாங்கத் தகவலை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்லட்டுமா? 2024இல் நம் சிங்கப்பூர்க் கடலில் கசிந்தது 400 டன் என்று எல்லாரும் ஒரே எண்ணைத்தானே சொன்னார்கள்?
(ஒரு வாசகி, தெம்பனிஸ்)

பதில்: வேண்டாம் அம்மா. 5,000, 4.9 மில்லியன் இரண்டுமே அமெரிக்க அரசாங்கம் சொன்னவைதாம். ஏப்ரல் 20ஆம் தேதி டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்த் துரப்பண மேடை வெடித்து 11 பேர் மாண்டனர். முதலில் நாளுக்கு 1,000 பீப்பாய் என்றவர்கள், ஏப்ரல் 28ஆம் தேதி அதை 5,000 ஆக்கினார்கள். கடலின் மேல் தெரியும் படலத்தைக் கொண்டு கணக்கிடுவதில் பெரிய சிக்கல் இருக்கிறது. வானவில் நிறத்தில் மின்னும் படலத்தின் தடிமன் 0.3 மைக்ரோமீட்டராகவும் இருக்கலாம், 5 மைக்ரோமீட்டராகவும் இருக்கலாம். கண்ணுக்கு ஒரே மினுமினுப்பு, கணக்கிலோ ஏறத்தாழ 17 மடங்கு வேறுபாடு. எண்ணெய் கசிந்த கடலடிக் கிணறோ 1,500 மீட்டர் ஆழத்தில் இருந்தது. ஆழத்திலேயே கரைந்து பரவிய எண்ணெய் எந்தப் படத்திலும் விழாது.

அதே படலத்தைத் துணைக்கோளப் படங்களில் அளந்து, ஸ்கைட்ரூத் என்னும் சிறிய அமைப்பும் புளோரிடாவின் கடலியல் ஆய்வாளர் ஒருவரும் மே மாதத் தொடக்கத்திலேயே நாளுக்கு 26,500 பீப்பாய் என்று மதிப்பிட்டார்கள். அதுவும் குறைவுதான் என்று பின்னர் தெரிந்தது. ஆனாலும் எவ்வளவு பரப்பு, எவ்வளவு தடிமன் என்று வெளிப்படையாகச் சொன்னதால் பிறர் அதைச் சரிபார்க்க முடிந்தது. என் பார்வையில் ஓர் ஆதாரத்தின் முதல் தகுதி அதுதான். ஜூலை 15இல் கிணறு அடைக்கப்பட்டபின் எடுத்த அழுத்த அளவீடுகளின் துணையோடுதான், தொடக்கத்தில் நாளுக்கு 62,000 பீப்பாய், மொத்தம் 4.9 மில்லியன் என்ற முடிவுக்கு அரசாங்கத்தின் அறிவியலாளர் குழு ஆகஸ்டில் வந்தது.

3.19 மில்லியன் என்பது நீதிமன்றத்தின் எண். அமெரிக்கத் தூய நீர்ச் சட்டப்படி அப்போது பீப்பாய்க்கு 1,100 டாலர் வரையிலும், கடும் அலட்சியம் என்றால் 4,300 டாலர் வரையிலும் அபராதம் இருந்தது என்பதால், ஒவ்வொரு பீப்பாயும் பணம். அரசாங்கத் தரப்பு 4.19 மில்லியன் என்றது. கிணற்றை நடத்திய பிபி நிறுவனம் 2.45 என்றது; 2015 ஜனவரியில் நீதிபதி இடையில் ஓர் எண்ணைத் தீர்மானித்தார். கடலில் கலக்குமுன் பிடிக்கப்பட்ட எண்ணெய் 3.19 மில்லியனில் கழிக்கப்பட்டது, 4.9 மில்லியனில் கழிக்கப்படவில்லை. ஆகவே இரண்டையும் எழுதலாம், ஆனால் எது எதை அளக்கிறது என்பதையும் யார், எந்தத் தேதியில் சொன்னார்கள் என்பதையும் உடன் எழுத வேண்டும்.

நம்மூர் 400 டன் வேறு வகை. 2024 ஜூன் 14ஆம் தேதி பாசிர் பாஞ்சாங் முனையத்தில் தூர்வாரும் கப்பல் மோதியது, நிறுத்தி வைக்கப்பட்டிருந்த எரிபொருள் நிரப்பும் கப்பல்மீது. கப்பல் தொட்டியில் இருந்தது எவ்வளவு, மிஞ்சியது எவ்வளவு என்று கணக்குப் பார்க்க வழியுண்டு. கடலடிக் கிணற்றில் அது இல்லை. ஆனால் அந்த எண், செந்தோசாவிலும் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையிலும் எவ்வளவு ஒதுங்கியது என்று சொல்லாது. அதற்குத் துப்புரவுப் பணி அறிக்கைகளையும் உயிரின ஆய்வுகளையும் தனியே பார்க்க வேண்டும்.