கொலைகாரன் யாரென்று முதலிலேயே சொல்லிவிடும் ‘டபுள் இன்டெம்னிட்டி’ படத்தில் அப்படி என்ன திரில் இருக்கிறது?

கேள்வி நியாயமானதுதான். 1944-இல் பில்லி வைல்டர் எடுத்த கருப்பு வெள்ளைப் படம் இது. தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே, தோளில் குண்டு பாய்ந்த இன்சூரன்ஸ் ஏஜென்ட் வால்டர் நெஃப் ராத்திரி நேரத்தில் ஆபீஸுக்குள் நுழைந்து, டிக்டபோனில் கொலை செய்தது தான்தான் என்று பேசிப் பதிவு செய்துவிடுகிறான். பணத்துக்கும் ஒரு பெண்ணுக்கும் ஆசைப்பட்டதையும், இரண்டுமே கைக்கு வராததையும் சேர்த்தே சொல்லிவிடுகிறான். இன்னும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் படம் பாக்கி இருக்கிறது. எதற்காகப் பார்ப்பது?

பார்ட்டன் கீஸுக்காக. நெஃப்பின் கம்பெனியிலேயே க்ளெய்ம்களை அலசிப் பார்க்கும் மேலதிகாரி அவர். எட்வர்ட் ஜி. ராபின்சன் நடித்திருக்கிறார். நான் மும்பை ஃபோர்ட் பகுதியில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியின் க்ளெய்ம் பிரிவில் வேலை பார்ப்பவன். எங்கள் வேலையை இவ்வளவு மரியாதையோடு காட்டிய வேறு படம் எனக்குத் தெரியாது.

இனி கதையைச் சொல்லித்தான் ஆகவேண்டும். படம் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.

விபத்தில் இறந்தால் இரட்டிப்புத் தொகை தருவதுதான் தலைப்பில் உள்ள விஷயம். எல்ஐசி பாலிசிகளில் ‘டபுள் ஆக்சிடென்ட் பெனிஃபிட்’ என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். படத்தில் ரயில் விபத்துக்கு அந்த இரட்டிப்பு உண்டு. 50,000 டாலர் ஒரு லட்சமாகும். நெஃப் ஆசைப்பட்ட அந்தப் பெண் ஃபிலிஸ் (பார்பரா ஸ்டான்விக்), தன் கணவனுக்குத் தெரியாமலேயே அவன் பெயரில் விபத்து பாலிசி எடுக்க வைக்கிறாள். கார் இன்சூரன்ஸ் காகிதம் என்று நினைத்து அவனும் கையெழுத்துப் போடுகிறான். நெஃப் அவனைக் காரிலேயே கொன்றுவிட்டு, அவனைப் போலக் கட்டுப்போட்ட காலும் ஊன்றுகோலுமாக ரயிலில் ஏறி, கடைசிப் பெட்டியின் பின்பக்கத்திலிருந்து குதிக்கிறான். பிறகு இருவரும் பிணத்தைத் தண்டவாளத்தில் போடுகிறார்கள்.

மும்பையில் இருப்பவனுக்கு இந்த இடம் வேறு மாதிரி உறைக்கும். லோக்கல் ரயிலிலிருந்து விழுந்து இறந்தவர்களின் கோப்புகள் எங்கள் மேஜைக்கு வந்துகொண்டே இருக்கும். ரயில்வே போலீஸின் பஞ்சநாமா, ஸ்டேஷன் மாஸ்டர் மெமோ, பிரேதப் பரிசோதனை அறிக்கை என்று ஒவ்வொன்றாகப் புரட்டுவோம். தவறி விழுந்தாரா, தானே குதித்தாரா? அந்த ஒரு கேள்விக்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் வாடகையும் பிள்ளைகளின் ஃபீஸும் இருக்கும்.

படத்தில் கம்பெனி முதலாளி, இது தற்கொலை, பணம் தர வேண்டியதில்லை என்று விதவையின் முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுகிறார். கீஸ் எழுந்து, தற்கொலைப் புள்ளிவிவரங்களை வகைவகையாக ஒப்பிக்க ஆரம்பிக்கிறார்: விஷம் என்றால் என்னென்ன விஷம், குதித்தவர்கள் என்றால் எங்கெங்கிருந்து குதித்தார்கள் என்று மூச்சு விடாமல். மணிக்கு 15 மைல் வேகத்தில் ஊர்ந்துகொண்டிருந்த ரயிலின் பின்பக்கத்திலிருந்து குதித்து யாராவது தற்கொலை செய்துகொள்வார்களா என்று கேட்டு முடிக்கிறார். கம்பெனியின் பணத்தைக் காப்பதற்காகக்கூடப் பொய்யை ஏற்க மாட்டார். எனக்கு அந்த மனிதர் மேல் மதிப்பு வந்தது அங்கேதான்.

ஆனால் படத்தின் உச்சம் என்று நான் சொல்வது அதற்குப் பிறகு, நெஃப்பின் வீட்டுக்குக் கீஸ் வரும் ராத்திரி. சாப்பிட்டது செரிக்கவில்லை, நெஞ்சுக்குள் ஏதோ உறுத்துகிறது என்கிறார். பாலிசி எடுத்த பிறகு அந்தக் கணவனுக்குக் கால் உடைந்தது. ஏன் க்ளெய்ம் போடவில்லை?

இந்தப் படத்தை மாட்டுங்காவில் எங்கள் மேல்வீட்டு மாமாவோடு ஒருமுறை பார்த்தேன். அவர் க்ளெய்ம் வேலையிலேயே இருந்து ஓய்வு பெற்றவர். கீஸ் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே, “ஏன்டா, கால் ஒடிஞ்சதுக்கு அவன் பணம் கேட்கவே இல்லையே?” என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். பாலிசி இருப்பது தெரிந்த எவனும் கேட்காமல் விடமாட்டான். கேட்கவில்லை என்றால், பாலிசி இருப்பதே அவனுக்குத் தெரியாது. கீஸும் அதைச் சொல்லிவிடுகிறார். சொன்ன வாயாலேயே, அப்படி இருக்க முடியாது, பாலிசியை நீதானே நேரில் கொடுத்தாய் என்று நெஃப்பைப் பார்த்துச் சொல்லி அதைத் தள்ளிவிடுகிறார்.

விடை கையில் இருக்கிறது. நெஃப்பின் மேல் வைத்த பாசம் அதைப் பார்க்கவிடவில்லை. கொலையாளி யாரென்று நமக்கு முதலிலேயே தெரிந்திருப்பதால்தான் இந்தக் காட்சியில் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. கடைசியில் அவிழ்க்கும் முடிச்சாக வைத்திருந்தால் இது வெறும் பேச்சாகப் போயிருக்கும்.

ஃபிலிஸின் பொன்னிற விக் பொய்யாகத் தெரிகிறது என்று பலரும் சொல்வார்கள். தெரியட்டுமே, அவளே அப்படிப்பட்டவள்தான். ஜான் எஃப். சைட்ஸின் ஒளிப்பதிவைப் பற்றித் தனியாகவே எழுதலாம். வெனிஷியன் ப்ளைண்ட்ஸ் என்னும் ஜன்னல் பட்டைத் திரை வழியாகக் கோடு கோடாக விழும் நிழலை மட்டும் கவனியுங்கள். 7 ஆஸ்கர் பரிந்துரைகள் கிடைத்தும் ஒன்றுகூட வெல்லவில்லை. ராபின்சனின் பெயர் பரிந்துரையிலேயே இல்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத கோபம்.

நெஃப் விஷவாயு அறையில் சாவதையும் கீஸ் அதைப் பார்த்து நிற்பதையும் வைல்டர் படமாக்கிவிட்டு, பிறகு வெட்டிவிட்டார். சரியான முடிவு. படம் முழுக்க கீஸின் சுருட்டுக்கு நெஃப்தான் தீக்குச்சி கிழித்துக் கொடுப்பான். கடைசியில், அவன் வாசற்படியில் சரிந்து கிடக்கும்போது கீஸ் குனிந்து அவன் சிகரெட்டுக்குப் பற்றவைக்கிறார். அதற்கு மேல் ஒரு சிறைக் காட்சி வந்திருந்தால் எனக்குப் படம் கெட்டிருக்கும்.