27 பிள்ளைகள், ஒரே அறை: முதலில் எதை நகர்த்துவது?

கேள்வி: இடைநிலை ஆசிரியையாக ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் முதல் பணி நியமனம். ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை 27 பிள்ளைகள் ஒரே அறையில். பள்ளி திறக்க ஒரு வாரம் இருக்கிறது. சுவர் முழுக்கச் சார்ட் ஒட்டலாமா? இருக்கைகளை ‘ப’ வடிவில் போடலாமா?

பதில்: சார்ட்டுகளைச் சுருட்டியபடியே வையுங்கள். நாளைக்கு வெறும் அறைக்குப் போய், பிள்ளை உட்காரும் இடத்தில் தரையில் சம்மணமிட்டு உட்காருங்கள். காலை பத்து மணிக்கு ஒரு முறை, பிற்பகல் இரண்டரைக்கு ஒரு முறை. நான்கு மூலைகளிலிருந்தும் கரும்பலகையைப் பாருங்கள். ஜன்னல் வெளிச்சம் பட்டு எங்கேயோ ஒரு பக்கம் பளபளக்கும். அங்கே உட்காரும் பிள்ளைக்கு எழுத்து தெரியாது, அதை உங்களிடம் சொல்லவும் தெரியாது. எழுதும்போது வெளிச்சம் இடப்பக்கமிருந்து வந்தால் கையின் நிழல் நோட்டில் விழாது. இடக்கையால் எழுதும் பிள்ளை இருந்தால் அவனுக்கு மட்டும் இடத்தை மாற்றிக் கொடுங்கள்.

கரும்பலகை வெளுத்திருந்தால் பூச்சு வாங்கும் வரை காத்திருக்க வேண்டாம். கோவை இலையையும் அடுப்புக்கரியையும் சேர்த்து அரைத்துத் தேய்த்த தலைமுறை நாங்கள். இன்றைக்கும் அது வேலை செய்கிறது.

‘ப’ வடிவத்துக்கு வருவோம். 2025 ஜூலையில் பள்ளிக் கல்வித் துறை அதை அறிவித்து, எதிர்ப்பு எழுந்ததும் சில நாட்களிலேயே நிறுத்தி வைத்தது. கதை சொல்லும் நேரத்துக்கு அது அருமையான அமைப்பு. ஆனால் பலகையைப் பார்த்து எழுதும் வேலைக்கு ஆகாது: ‘ப’வின் இரு பக்கவாட்டு வரிசைகளிலும் உட்காருபவர்கள் நாளெல்லாம் கழுத்தைத் திருப்பியே இருக்க வேண்டும். உங்கள் அறையில் மூன்று வகுப்புகள் இருப்பதால் நான் அதை நிரந்தரமாக வைக்க மாட்டேன். தொடக்க வகுப்புகளுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்பிக்க 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை வகுப்பு பார்க்காமல் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலை பார்த்துத்தானே பிரிக்கிறோம்? மூன்று குழுவுக்கு மூன்று பாய்கள், நடுவே நீங்கள் சேலை தடுக்காமல் நடக்க வழி, அவ்வளவு போதும். தொடக்க நிலையில் இருக்கும் அரும்புக் குழு உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். கதை நேரம் வந்தால் பாயை ‘ப’வாகத் திருப்ப ஒரு நிமிடம் ஆகாது. பெஞ்சு இருந்தால்தான் தொல்லை; கேட்பார் இருந்தால் மேல் வகுப்புக்குக் கொடுத்துவிடுங்கள்.

பழைய கட்டடம் என்றால் சுவரின் அடியில், பிள்ளைகள் கை எட்டும் உயரத்தில், கறுப்புப் பட்டை ஓடும். பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தாமே செய்து கற்ற செயல்வழிக் கற்றல் காலத்தில் போட்ட கீழ்மட்டக் கரும்பலகை அது. பல பள்ளிகளில் அதன்மேல்தான் பீரோவை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்! பீரோவை நகர்த்துங்கள். பட்டையைச் சுண்ணக்கட்டியால் 27 கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் எழுதுங்கள். ‘இது என் இடம்’ என்று முதல் நாளே பிள்ளை வந்து கையை வைக்கும்.

இனி சார்ட். செல்லோ டேப்பில் ஒட்டினால் சுண்ணாம்புச் சுவரோடு பெயர்ந்து வரும், மின்விசிறிக் காற்றில் படபடக்கும். நைலான் கயிறு ஒன்றைப் பிள்ளைகளின் கண் உயரத்துக்குச் சற்று மேலே கட்டி, துணிக் கிளிப் மாட்டுங்கள். அந்த வாரப் பாடத்துக்குரிய மூன்று நான்கு சார்ட் மட்டும் தொங்கட்டும், மீதிக் கயிறு பிள்ளைகள் வரைந்ததற்கு. படித்தல் களத்தில் (பிள்ளைகள் தாங்களே எடுத்துப் படிக்கும் மூலை) உள்ள புத்தகங்களையும் இப்படியே அட்டை தெரியத் தொங்கவிடலாம். அடுக்கி வைத்த புத்தகத்தை ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எடுக்காது.

பைகள் சுவரோரம், தண்ணீர் பாட்டில்கள் வாசலருகே, செருப்பு வெளியே. பாட்டில் பாயருகே இருந்தால் தினம் ஒரு நோட்டு நனையும்.

சொந்தக் காசை இறைக்காதீர்கள். கயிறும் கிளிப்பும் சுண்ணக்கட்டியும் பெரிய செலவில்லை. பூச்சு, பாய் போன்றவற்றுக்குப் பள்ளி மானியத்தில் இடம் உண்டா என்று தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். பீரோவை நகர்த்தும் முன்பும் அவரிடம் ஒரு வார்த்தை. சாவி அவரிடம்தான் இருக்கும்.