பாலைவன மணலில் புர்ஜ் கலீஃபா எப்படி நிற்கிறது?

துபாயில் தோண்டினால் மணல்தானே, 828 மீட்டர் கட்டடம் எப்படிச் சாயாமல் நிற்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். மணல் மேலே மட்டும்தான். கீழே பாறை உண்டு, ஆனால் கருங்கல் இல்லை, மென்மையான மணற்பாறை வகை. அதனால் 1.5 மீட்டர் விட்டமுள்ள கான்கிரீட் பைல்கள் (நிலத்துக்குள் ஆழமாக இறக்கும் தூண்கள்) 190க்கு மேல், சுமார் 50 மீட்டர் ஆழம்வரை இறக்கினார்கள். சேற்றில் ஆழமாக ஊன்றிய மூங்கிலைப் பிடுங்கிப் பாருங்கள், பக்கவாட்டு மண்ணே இறுகப் பிடித்துக்கொள்ளும். இங்கும் அந்த உராய்வுதான் பெரும்பாரத்தைத் தாங்குகிறது. பைல்களின் தலைமேல் 3.7 மீட்டர் கனத்தில், கட்டடம் உட்காரும் கான்கிரீட் மெத்தை.

என்னைக் கேட்டால் மணலைவிடப் பெரிய தலைவலி நிலத்தடி நீர். கடல்நீரைவிட உப்பு, கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியை அரித்துவிடும். அப்புறம் வெயில். கோடையில் கலவை சீக்கிரம் இறுகி விரிசல் விடும் என்பதால், ஐஸ் கலந்து ராத்திரியில் கான்கிரீட் போட்டார்கள்.