எக்ஸ்670ஈ போர்டு வாங்கினால்தான் ஓவர்கிளாக் செய்ய முடியுமா?

கேள்வி: ரைசன் 7 7700 பிராசஸர் வாங்கிவிட்டேன். ஓவர்கிளாக் செய்து, அதாவது நிர்ணயித்த வேகத்தைத் தாண்டி ஓடவிட்டுப் பார்க்க ஆசை. அதற்கு எக்ஸ்670ஈ மதர்போர்டுதான் வேண்டும் என்கிறார் கடைக்காரர். விலை பிராசஸரையே மிஞ்சுகிறது. விலை குறைந்த பி650 போர்டு போதாதா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: தாராளமாகப் போதும். பிராசஸரை ஓவர்கிளாக் செய்யும் வசதி இரண்டிலும் ஒன்றுதான். பி650ல் ஒன்றாக இருக்கும் அதே சிப்பை இரண்டாகப் போட்டால் எக்ஸ்670, அதனால் கிடைப்பது கூடுதல் யுஎஸ்பி, கூடுதல் எஸ்எஸ்டி இணைப்புகள். ஈ சேர்ந்தால் கிராபிக்ஸ் கார்டுக்கு பிசிஐஇ 5.0 ஸ்லாட்டும் உண்டு, அவ்வளவுதான். இதைவிட மலிவான ஏ620 பக்கம் மட்டும் போகாதீர்கள், அதில் பிராசஸர் ஓவர்கிளாக்கை ரைசனைத் தயாரிக்கும் ஏஎம்டியே பூட்டி வைத்திருக்கிறது. இன்டெல் என்றால் கதை வேறு: பெயரில் கே உள்ள பிராசஸரும் இசட் வரிசை போர்டும் சேர்ந்தால்தான் நடக்கும்.

மிச்சமாகும் பணத்தை விஆர்எம் நன்றாக உள்ள ஒரு பி650 போர்டில் போடுங்கள். பவர் சப்ளையிலிருந்து வரும் 12 வோல்ட்டை ஒன்றேகால் வோல்ட் அளவுக்கு இறக்கி பிராசஸருக்குக் கொடுப்பது இந்தப் பகுதிதான். உங்கள் பிராசஸர் பிபிஓ (மின் வரம்பைத் தாண்டிப் பிராசஸர் தானே வேகம் ஏற்றிக்கொள்ள விடும் ஏஎம்டி வசதி) போட்ட பிறகு 140 வாட் இழுத்தால், அந்தக் குறைந்த வோல்ட்டில் 110 ஆம்பியருக்கும் மேல் ஓட வேண்டும், அத்தனையும் பிராசஸர் உட்காரும் சாக்கெட்டைச் சுற்றியுள்ள விரல் நகம் அளவு சிப்கள் வழியாக. சூடு வராமல் எப்படி இருக்கும்?

நான் இதில் நன்றாகவே பட்டிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் விஆர்எம் மேல் சூட்டை இழுக்கும் உலோகத் துண்டான ஹீட்சிங்க்கே இல்லாத மலிவு போர்டு ஒன்றில் எட்டு கோர் பிராசஸரை ஓவர்கிளாக் செய்தேன். மார்கழியில் ஒரு குறையும் இல்லை. மே மாதம் வந்ததும் வீடியோ ரெண்டர் பத்து நிமிடம் ஓடினால் வேகம் பாதிக்கும் கீழே விழும், பிராசஸரோ 70 டிகிரியில்தான் இருக்கும், கூலரை மாற்றினேன், பேஸ்ட்டை மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் பார்த்தால் விஆர்எம் 110 டிகிரியைத் தொட்டு, போர்டே வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்தது.

அதனால் கடையில் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். சாக்கெட்டின் இடது பக்கமும் மேல் பக்கமும் ஹீட்சிங்க் இருக்கிறதா, கனமாக இருக்கிறதா, திருகாணி போட்டு இறுக்கியிருக்கிறதா என்று பாருங்கள். மெல்லிய தகடு ஒரு பக்கம் மட்டும் இருந்தால் வேண்டாம். பெட்டியில் 14, 16 என்று போட்டிருக்கும் ஃபேஸ் (விஆர்எம்மில் சுமையைப் பங்கிட்டுக்கொள்ளும் சுற்றுகள்) எண்ணிக்கையை அப்படியே நம்ப வேண்டாம், இரண்டிரண்டாகச் சேர்த்து ஓடுவதையும் தனித்தனியாக எண்ணிவிடுவார்கள். விஆர்எம் சூட்டை அளந்து காட்டும் ரிவ்யூவைத் தேடிப் பாருங்கள். அதை ஏசி அறையில் 22 டிகிரியில் அளந்திருந்தால், உங்கள் அறை மே மாதத்தில் 36 என்றால், அந்த 14 டிகிரியையும் கூட்டிக்கொள்ளுங்கள், நம் ஊருக்கு உண்மையான கணக்கு அதுதான்.

பின்பக்கம் பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன் (போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸைப் பென்டிரைவிலிருந்து நேரடியாக ஏற்றும் பட்டன்) இருந்தால் ரொம்ப நல்லது. ஓவர்கிளாக் பழகும்போது திரை வராமல் நிற்பது சகஜம், கிளியர் சிமாஸ் செய்ய, அதாவது பயாஸ் அமைப்புகளைப் பழைய நிலைக்குத் திருப்ப, ஒரு பட்டனும் இருந்தால் ஒவ்வொரு முறையும் கேபினெட்டைத் திறந்து ஸ்க்ரூடிரைவரோடு அந்த இரண்டு பின்களைத் தேட வேண்டியதில்லை.

அப்புறம், எல்லாக் கோர்களையும் ஒரே வேகத்தில் நிறுத்தும் பழைய முறை வேண்டாம், ஒற்றைக் கோர் வேகம் குறைந்துபோகும். பிபிஓவைப் போட்டு, பிராசஸருக்குப் போகும் வோல்டேஜைக் குறைக்கும் கர்வ் ஆப்டிமைசரில் மைனஸ் 10ல் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே போங்கள்.

கேள்வி: எக்ஸ்போ (ராம் மெமரியை அதற்குக் குறிப்பிட்ட கூடுதல் வேகத்தில் ஓட்டும் ஏஎம்டி வசதி) போட்டால் பிராசஸர் எரிந்துவிடும் என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், கோவை

பதில்: 2023ல் சில ரைசன் 7000 பிராசஸர்கள் எரிந்தது உண்மை, குறிப்பாகக் கூடுதல் கேஷ் மெமரி உள்ள எக்ஸ்3டி வகை. எக்ஸ்போவைப் போட்டதும் சில போர்டுகள் எஸ்ஓசி வோல்டேஜை (பிராசஸரில் மெமரியைக் கவனிக்கும் பகுதிக்குப் போகும் வோல்டேஜ்) அளவுக்கு மீறி ஏற்றிவிட்டன. பிறகு வந்த பயாஸ்களில் ஏஎம்டி அதை 1.3 வோல்ட்டோடு நிறுத்திவிட்டது. போர்டு வாங்கியதும் முதலில் பயாஸை அப்டேட் செய்யுங்கள், எக்ஸ்போவைப் போட்ட பிறகு எஸ்ஓசி வோல்டேஜ் 1.3ஐத் தாண்டவில்லை என்று கண்ணால் பார்த்துவிட்டு, அப்புறம் விண்டோஸுக்குள் போங்கள்.