சின்னக் கட்டமரானுக்கு (இரட்டை உடல் பாய்வள்ளம்) நாமே டிரப்பீஸ் கட்டலாமா? கேள்வி பதில்

பாய்மரத்தில் இருந்து இறங்குகிற வயரில் இடுப்பைக் கொளுவிக்கொண்டு, காற்று வருகிற பக்கம் வள்ளத்துக்கு வெளியே கால் ஊன்றிச் சாய்ந்து நிற்பதுதான் டிரப்பீஸ். மட்டக்களப்பு வாவியிலும் பாசிக்குடாவிலும் ஓட்டுகிறவர்கள் இதைப் பற்றி நிறையக் கேட்டிருக்கிறீர்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கல்லடியில் இருந்து: அண்ணா, வயரை மரத்தில் எங்கே கட்டுவது? புதிதாக ஓட்டை போடலாமா?

போடாதீர்கள் தம்பி. மரத்தை நிமிர்த்திப் பிடிக்கிற பக்கத்து வயர் இரண்டும் முன்வயரும் மரத்தில் சேருகிற இடம் இருக்கிறதே, அங்கேயே அதே சக்கிளில் (ஆணி போட்டுப் பூட்டுகிற இரும்புக் கொளுவி) சேர்த்துக் கொளுவுங்கள். அதற்கு மேலே மரத்தைப் பிடிக்க ஒன்றும் இல்லை, அங்கே ஒரு ஆள் தொங்கினால் மரம் வளையும். அலுமினியக் குழாயில் போடுகிற ஓட்டைதான் பின்னாளில் வெடிப்பு தொடங்குகிற இடம், அதில் ஸ்டெய்ன்லெஸ் ஆணியையும் இறுக்கி உப்புத்தண்ணீரில் விட்டால் சுற்றியுள்ள அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிக்கும்.

வாழைச்சேனையில் இருந்து: வலைக் கயிறு வீட்டில் கிடக்கிறது. அது போதுமா?

நைலோன் கயிறு அறாமல் இருக்கலாம், ஆனால் இழுபடும். ஒவ்வொரு அலைக்கும் நீங்கள் மேலும் கீழும் ஆடிக்கொண்டிருப்பீர்கள், கால் வழுக்கும். 2.5 மில்லிமீற்றர் ஸ்டெய்ன்லெஸ் வயர் எடுங்கள், இல்லையென்றால் 4 மில்லிமீற்றர் டைனீமா, அதாவது இழுபடாத, பலமான செயற்கை இழைக் கயிறு. 70 கிலோ ஆள் சும்மா தொங்கினால் ஏறத்தாழ அவருடைய பாரம்தான், ஆனால் அலையில் வள்ளம் குதிக்கும்போது ஒரு வெட்டு இழுப்பு வரும், அது இரண்டு மூன்று மடங்கு. அதனால் குறைந்தது ஐந்து மடங்கு தாங்குகிற சாமானாகப் பாருங்கள்.

அறுவது பெரும்பாலும் நடுவில் இல்லை, முனையில். வயர் என்றால் முனையைத் திம்பிளில் (கண்ணுக்குள் வைக்கிற உலோகக் காடி) சுற்றி, செப்புக் குழாய் இரண்டு போட்டு, அதற்கென்றே உள்ள கருவியால் நசுக்க வேண்டும். சுத்தியலால் அடித்து நசுக்கிய குழாய் பார்க்க இறுக்கமாக இருக்கும், ஒரு நாள் உருவிக்கொண்டு வரும். அலுமினியக் குழாய் கடலுக்கு ஆகாது. டைனீமா வழுவழுப்பானது, சாதாரண முடிச்சு அதில் நழுவும், பலமும் பெருமளவு குறையும். கயிற்றைத் தனக்குள்ளேயே பின்னித்தான் முனையில் கண் போட வேண்டும், அது கஷ்டமில்லை, ஒரு பின்னேரத்தில் பழகலாம். மாதம் ஒருமுறை வயரைத் துணியால் துடைத்துப் பாருங்கள், துணியில் ஒரு இழை குத்தினாலும் அந்த வயரை மாற்றுங்கள்.

கல்முனையில் இருந்து: பழைய கார் சீற் பெல்ற்றில் ஹார்னஸ் (வயரில் கொளுவ இடுப்பில் போடுகிற பட்டி) தைக்கலாமா?

பட்டி நல்ல பலமானது, வெயிலில் வெளிறாததாக இருந்தால் சரி. பருத்தி நூல் உக்கிவிடும், பொலியெஸ்ரர் நூலால் சதுரம் போட்டு நடுவில் குறுக்காகவும் தையுங்கள். முதுகையும் பின்பக்கத்தையும் அகலமாகத் தாங்க வேண்டும், ஒற்றைப் பட்டி இடுப்பை அறுக்கும். ஹார்னஸின் முன்பக்கக் கொக்கியின் வாய் கீழ்நோக்கி இருக்கட்டும், வயர் தளர்ந்ததும் அதன் முனையில் உள்ள வளையம் தானாக விழும்.

ஆனால் கொக்கியை மட்டும் வீட்டில் செய்யாதீர்கள் என்றுதான் சொல்வேன். வள்ளம் கவிழ்ந்து, பாய்க்கு அடியில், கொக்கியில் கயிறு சுற்றிக்கொண்டால் கழற்ற சில நொடிகள்தான் இருக்கும். உலகப் பாய்வள்ளப் போட்டி விதியே 2023 ஜனவரியில் இருந்து உடனே கழற்றும் வசதியைக் கட்டாயமாக்கியிருக்கிறது. காசு செலவழிப்பதென்றால் இதற்குச் செலவழியுங்கள். அதோடு ஒரு சின்னக் கத்தியும் உயிர்காப்பு அங்கியில் இருக்கட்டும்.

ஆரையம்பதியில் இருந்து: நான் 48 கிலோ. எந்த உயரத்தில் வளையத்தை வைப்பது அண்ணா?

வள்ளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து கொளுவினால் வயர் உங்கள் பாரத்தைச் சற்றே தூக்க வேண்டும் தங்கச்சி. தொடக்கத்தில் அதைவிடக் கொஞ்சம் உயரம் நல்லது, பழகியபின் இறக்கலாம். முதலில் மணலில் செய்து பாருங்கள்: எதிர்ப்பக்கத்தில் இரண்டு பேரை இருத்திவிட்டு, கொளுவி, வெளியே சாய்ந்து, வேண்டுமென்றே குலுக்குங்கள். முனையில் குழாய் ஒரு நூலளவு நகர்ந்தாலும் தண்ணீருக்குப் போகக்கூடாது. சும்மா கிடக்கிற மறுபக்க டிரப்பீஸ் வயர் ஆடாமல் இருக்க, மோட்டார் சைக்கிளில் சாமான் கட்டுகிற இறப்பர் கயிற்றை வலைத்தட்டுக்கு (இரண்டு உடலுக்கும் நடுவில் இழுத்துக் கட்டிய வலை) அடியால் விட்டு இரு பக்க டிரப்பீஸ் வயரையும் இணையுங்கள்.

பாசிக்குடாவில் இருந்து: வெளியே நின்றால் அணியம் (வள்ளத்தின் முன்முனை) தண்ணீருக்குள் குத்துகிறதே?

பின்னுக்குப் போங்கள். முன்கால் நேராக உதைத்தபடி, பின்கால் சற்று மடங்கியபடி. அணியம் குத்தி வள்ளம் சட்டென்று நின்றால் வயரில் தொங்குகிற ஆள் முன்வயரைச் சுற்றி வீசப்படுவார். அந்த வேகத்தைத் தடுப்பது முன்காலின் உதைதான்.

பொத்துவிலில் இருந்து: எந்தக் காற்றில் பழகுவது?

கச்சான் பலமாக அடிக்கிற நாளில் கடலில் பழக வேண்டாம். அது தரையில் இருந்து கடலுக்கு வீசுகிற காற்று, கரையோரம் தண்ணீர் தட்டையாக, ஆசையாகத் தெரியும், கவிழ்ந்து நிமிர்த்துவதற்குள் எவ்வளவோ தூரம் வெளியே போயிருப்பீர்கள். மத்தியானத்துக்குப் பிறகு கடலில் இருந்து வருகிற மென்காற்றில், கரையில் ஒரு இயந்திர வள்ளம் ஆயத்தமாக இருக்கும்போது பழகுங்கள். வாவிக்குள் ஓடுவதென்றால் மேலே மின்கம்பி போகிற இடங்களை முதலே பார்த்து வையுங்கள், உங்கள் மரம் அலுமினியம்.