பாஸ்வேர்டு கேட்கும் பையன்

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் டியூஷனில் ஒரு பையனோடு பழகுகிறாள். "ஆன்லைன்ல இருந்தும் ஏன் பதில் போடல, யார்கூட பேசிட்டிருந்த, இன்ஸ்டா பாஸ்வேர்டு குடு" என்று அவன் மெசேஜ் அனுப்பியிருந்தான். போனைப் பிடுங்கி வைத்துவிட்டேன். அதிலிருந்து என்னோடு அவள் பேசவில்லை. அவள் அப்பாவிடம் சொல்லிவிடலாமா? எட்டாவது படிக்கும் மகனும் இருக்கிறான்.
- வாசகி, திருச்சி

பதில்: முதலில் போனைத் திருப்பிக் கொடுங்கள் அம்மா. இல்லாவிட்டால் தோழியின் போனிலிருந்து பேசுவாள், அப்புறம் என்ன நடக்கிறதென்று உங்களுக்குத் தெரியவே தெரியாது. இந்த வயதில் ஈர்ப்பு வருவது இயல்பு. யோசித்து நிதானிக்க உதவும் மூளையின் முன்பகுதி முழுதாக வளர 25 வயது வரைகூட ஆகும், அதனால் உணர்ச்சிதான் முந்திக்கொள்ளும்.

அவள் பழகுவதைவிட அந்த மெசேஜ்தான் எனக்குக் கவலை தருகிறது. அதை அக்கறை என்று அவள் நம்பியிருக்கலாம், நிறைய பிள்ளைகள் அப்படித்தான் நம்புகிறார்கள். அவனைத் திட்டாமல் அவளிடம் கேளுங்கள்: "பதில் போட லேட்டானா உனக்குப் பயமா இருக்கா? அவனுக்குப் பிடிக்கலைன்னு யார்கிட்டயாவது பேசுறதை நிறுத்திட்டியா? நீ வேண்டாம்னு சொன்னா அவன் என்ன செய்வான்?" கடைசிக் கேள்விக்கு அவள் பதில் சொல்லத் தயங்கினால் அவசரப்படுத்தாதீர்கள், அங்கேதான் விஷயம் இருக்கிறது. பாஸ்வேர்டு கொடுத்திருந்தால் அன்றைக்கே இருவருமாக உட்கார்ந்து மாற்றுங்கள். "அவன் உன் போட்டோ கேட்டாலோ, மிரட்டினாலோ என்கிட்ட வா, உன்னைத் திட்ட மாட்டேன்" என்று இப்போதே வாக்குக் கொடுங்கள். 1098 குழந்தைகள் உதவி எண்ணை அவள் போனிலேயே பதிந்து வையுங்கள்.

சட்டத்தையும் சொல்லுங்கள், மிரட்டலாக அல்ல. 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டப்படி 18 வயது நிரம்பாதவர் உடல் நெருக்கத்துக்குச் சம்மதித்தாலும் அது சம்மதமாகாது. அந்தப் பையன் மேல் வழக்கு வரலாம், அவன் சிறுவனாகவே இருந்தாலும்.

கணவரிடம் சொல்லலாம், அடிக்க மாட்டார் என்பது உறுதியானால் மட்டும், அதுவும் மகளுக்குத் தெரிவித்துவிட்டு. மகனிடம் இதைப் பேச அவரே சரியான ஆள்: ஒரு பெண் பதில் போடாவிட்டால் விடாமல் மெசேஜ் அனுப்பக் கூடாது, வேண்டாம் என்றால் ஒதுங்கிவிட வேண்டும், அதற்காக அவளைப் பற்றி நண்பர்களிடம் கேவலமாகப் பேசக் கூடாது. இதை அவன் பத்தாவது வரும்வரை தள்ளிப்போட வேண்டாம்.